ஒரு கீ அழுந்தியிருக்கிறது

கீபோர்டைக் கழற்றி மேசைக்கு அடியில் வைத்த பிறகும், ஏதோ ஒரு கீ அழுந்தியே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொன்னது.

மெக்கானிக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பதினாறு வருடத் தொழிலில் அவனிடம் பொய் சொல்லாத பழைய பெட்டியே கிடையாது. நல்ல மெமரியைக் கெட்டுவிட்டது என்று சொல்லும், போன வாரம் போட்ட பேட்டரியைத் தீர்ந்துவிட்டது என்று சொல்லும், இவனும் வீட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து மண்டையில் ஒரு தட்டுத் தட்டி வழிக்குக் கொண்டுவருவான். ஆனால் பொய்க்கும் ஒரு வரைமுறை வேண்டாமா? கீபோர்டு இல்லையென்றால், கீபோர்டு இல்லை என்று புலம்பிவிட்டுப் போகலாம். இல்லாத கீபோர்டில் ஒரு கீயை யாரோ விடாமல் அழுத்திக்கொண்டிருப்பதாகச் சொல்வது என்ன நியாயம்?

கறுப்புத் திரையின் மேல் மூலையில் வெள்ளையாக ஒரே ஒரு வரி நின்றது. வரியின் தொடக்கத்தில் 1E என்று ஒரு குறி. இந்த ரகத்துப் பழைய மெஷின்களிடம் மட்டும் உள்ள பழக்கம் அது. எந்தக் கீ மாட்டிக்கொண்டதோ அதன் குறியைக் காட்டிவிட்டு, அடம்பிடிக்கும் பிள்ளை மாதிரி அங்கேயே உட்கார்ந்துவிடும். எந்தக் குறி எந்தக் கீ என்பதற்கு அவன் பையில் நான்காக மடித்த ஒரு அட்டவணை இருந்தது. 1E என்றால் ஏ.

கழற்றிப் போட்ட பக்கத்து மூடியின் உள்புறத்தில் மார்க்கர் பேனாவால் A என்று எழுதினான். ஒவ்வொரு தடவை போட்டு நிறுத்தும்போதும் என்ன வந்தது என்பதை அங்கேயே எழுதிவைப்பது அவன் வழக்கம். எழுதாவிட்டால் நாலாவது தடவைக்கு மேல் எதைக் கழற்றினோம், எதை மாட்டினோம் என்பது மறந்து, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

"என்ன தம்பி, சொல்லுதா ஏதாவது?" என்று பின்னாலிருந்து அந்த வீட்டு அம்மா கேட்டார்.

"சொல்லுதும்மா. உளறுது. கொஞ்சம் பொறுங்க, வழிக்கு வந்துரும்."

மாலை நாலு மணிதான். ஆனாலும் அறையில் விளக்கு எரிந்தது, ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன, சாத்திய ஜன்னல்களின் இடுக்குகளில் துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். வெளியே மழைக்கு முந்தைய புழுக்கம். உள்ளே தலைவலித் தைலமும் துவைத்துக் காயாத போர்வையும் கலந்த வாடை, அதற்கு மேல் இவன் வந்தவுடனே பெட்டியைத் திறந்து ஊதுகருவியால் அடித்துக் கிளப்பிய ஏழு மாதத் தூசி. அந்தத் தூசி இன்னும் படியவில்லை. விளக்குக்குக் கீழே மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது, அவன் மூக்கும் அரித்தது.

அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உடம்பு, உருண்டு திரண்ட கைகள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விஷயத்தைச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் பெரிய மகளுடையது. அவள் வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குத் தமிழ் டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. இழுப்பு வந்துவிட்டால் பேச்சு வராது. அதனால் தண்ணீர் வேண்டும், தலையணை வேண்டும், எதுவானாலும் திரையில் அடித்துத்தான் காட்டுவாள். ஏழு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம் இந்த நாற்காலியிலேயே போய்விட்டாள்.

"அன்னிக்கும் எனக்கு என்னமோ அடிச்சா, தம்பி. நான் கண்ணாடி போட்டுக்கலை. ஸ்கிரீனைக் கையால காட்டிக் காட்டித் தட்டுனா. நான் எங்கே படிக்கிறது? ஓடிப்போய் நெஞ்சோட சேத்து இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். குழந்தையிலேருந்து அப்படித்தான், நான் பிடிச்சுக்கிட்டாதான் அவளுக்கு அடங்கும். அடங்கிருச்சு. ஒரேயடியா அடங்கிருச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்த நேரம் பாத்துக் கரன்டும் போச்சு. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் இதைத் தொடறேன்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அவ கடைசியா என்ன கேட்டான்னு தெரிஞ்சா போதும். ஒரு வாய் தண்ணி கேட்டாளோ என்னமோ. அதை ஒரே ஒரு தடவை படிச்சுட்டேன்னா எனக்குத் தூக்கம் வரும்."

சேமிக்காமல் கரன்ட் போனது போனதுதான், இனி அதைக் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது என்று மெக்கானிக் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. "டிஸ்க் நல்லா இருந்தா எடுத்துரலாம்மா" என்று சொல்லிவிட்டான். இரக்கத்தில் சொன்ன பொய். அப்படிப்பட்ட பொய்களுக்குத்தான் தண்டனை அதிகம்.

அடுத்த அறைக்குப் போகும் கதவு திறந்திருந்தது. அதில் ஏழு வயதுச் சின்னவள் வந்து நின்றாள். ஒல்லிக் கழுத்து, கழுத்தின் குழியில் தைலம் மினுங்கியது.

"மாமா, இதுல படம் வரைய வருமா?"

"வரும். உனக்கு வரையத் தெரியுமா?"

"தெரியாது. அக்கா தொடவே விட மாட்டா. கீயில கை வெச்சா விரல்ல அடிப்பா." சொல்லிவிட்டு இருமினாள். இருமலின் வால்பக்கத்தில் ஒரு மெல்லிய சீட்டிச் சத்தம் கேட்டது.

"தூசியில நிக்காதே, உள்ளே போ" என்றார் அம்மா. மெக்கானிக் தன் ஊதுகருவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல பைக்குள் தள்ளினான்.

மெஷினை நிறுத்தி மெமரியைக் கழற்றினான். ரப்பரால் அதன் முனைகளைத் தேய்த்து மாட்டிப் போட்டான். இந்தத் தடவை வந்த குறி வேறு. அட்டவணையில் பார்த்தால் கே. மூடியில் எழுதினான். டிஸ்கைப் பிரித்துவிட்டுப் போட்டான். மறுபடி கே. கீபோர்டு மாட்டும் துளையைச் சுரண்டித் துடைத்துவிட்டுப் போட்டான். க்யூ. மாட்டிக்கொண்ட கீ என்றால் ஒரே கீயாக இருக்க வேண்டும். இது தடவைக்கு ஒன்றாக மாறுகிறது. மாறுகிறது என்றால் அழுத்துகிறவர்கள் விரலை எடுத்து வேறு இடத்தில் வைக்கிறார்கள். இப்படி ஒரு எண்ணம் தனக்கு வந்ததே அவனுக்குப் பிடிக்கவில்லை. குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான். கீபோர்டு வைத்த இடத்திலேயே, வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது.

"என்னதான் தம்பி எழுதறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, ஏ, கே, கே, க்யூன்னு ஏதோ கண்டபடி வருது."

"அவ இங்கிலீஷ்ல அடிக்க மாட்டாளே. எல்லாம் தமிழ்தான்."

அவன் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவன் மனைவிக்கும் அதே தொழில்தான். ஒரு அச்சுக்கடையில் காலையிலிருந்து மாலை வரை தமிழ் அடிப்பவள். எந்த ஆங்கில எழுத்துக்கு மேல் எந்தத் தமிழ் எழுத்து குந்தியிருக்கிறது என்று அவளுக்கு மூளையில் இல்லை, விரலில் இருந்தது. போனில் கூப்பிட்டான்.

"என்னங்க, கடையில ஆள் நிக்குது, சீக்கிரம் சொல்லுங்க."

"நான் சொல்ற எழுத்தைத் தமிழ்ல அடிச்சுப் பாரு. ஏ. கே. கே. க்யூ."

டப் டப்பென்று நாலு தட்டல் கேட்டது. சிரித்தாள். "அம்மா."

"என்ன?"

"அம்மான்னு வருதுங்க. நல்ல பிள்ளையா அம்மாவைக் கூப்பிடுது உங்க மெஷின். நான் வெக்கட்டுமா?"

போன் ஸ்பீக்கரில் இருந்ததை அவன் அப்போதுதான் கவனித்தான். திரும்பிப் பார்த்தான். அந்த அம்மாவின் முகம் உடைந்து நொறுங்கி, அந்த நொறுங்கலுக்குள்ளேயிருந்து ஒரு சிரிப்பு வந்துகொண்டிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. அவர் வந்து திறந்துகிடந்த பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல் பார்ப்பது போல.

"அவதான். தம்பி, அவதான். அன்னிக்கு அடிச்சதைத்தான் சொல்றா. மேலே கேளுங்க."

"அம்மா, இது வந்து... கோளாறு. தற்செயலா..."

"மேலே கேளுங்கன்னேன்ல!"

அவனுக்குப் பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றிருந்தது. அதே நேரம் உள்ளறையிலிருந்து இருமல் கேட்டது. தொடர்ந்து கேட்டது. இருமலுக்கும் இருமலுக்கும் நடுவில் அந்தச் சீட்டி, இப்போது நன்றாகவே.

"சின்னவளுக்கு ஆரம்பிச்சுருச்சு" என்றார் அம்மா. கதவையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பம்ப் மாதிரி ஏதாவது மருந்து இருக்குதாம்மா?"

"அதெல்லாம் பழக்கிவிட்டா அப்புறம் விடாது, தம்பி. என் கைதான் அவங்களுக்கு மருந்து." பெட்டியிலிருந்து கையை எடுத்தார். "நான் இவளைப் பாக்கறேன். நீங்க நிறுத்தாதீங்க. ஒரு எழுத்து விடாம எழுதிவைங்க." உள்ளே போனார். தூசி வரக்கூடாது என்று கதவைச் சாத்தினார். தாழ் விழுந்த சத்தம் கேட்டது.

நிறுத்திப் போட்டான். ஏ.

நிறுத்தினான். மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்று குறைந்து, ஒரு நீண்ட மூச்சை விடுவது போல அடங்கியது. உள்ளறையில் அதற்குப் பதில் சொல்வது போல ஒரு மூச்சு உள்ளே இழுபட்டது. போட்டான். பி.

இப்போது எதையும் கழற்றி மாட்டவில்லை. பழுது பார்க்கிற பாவனையை அவன் விட்டுவிட்டான். நிறுத்துவது, போடுவது, குறியைப் பார்ப்பது, அட்டவணையைப் பார்ப்பது, எழுதுவது. கை வியர்த்து மார்க்கர் வழுக்கியது. ஆர். அதன் பிறகு எச். மறுபடி எச். ஒவ்வொரு தடவையும் வரி வருவதற்கு முன் திரை ஒரு நொடி கறுப்பாக நிற்கும். அந்தக் கறுப்பில் அவன் முகம் தெரிந்தது, தோளுக்குப் பின்னால் காலி நாற்காலி தெரிந்தது. நாற்காலியைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பார்த்தான். காலிதான். ஆனால் அதன் ரெக்சின் இருக்கை நடுவில் குழிந்திருந்தது, யாரோ உட்கார்ந்திருக்கும்போது குழிவது போல.

"வந்துதா தம்பி?" உள்ளிருந்து அம்மாவின் குரல்.

"வ... வந்துட்டிருக்கு."

க்யூ. எல்.

உள்ளே சீட்டிச் சத்தம் கூர்மையாகிக்கொண்டே போனது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டது. குழந்தை ஏதோ சொல்லப் பார்த்தாள், வரவில்லை. "இதோ, இதோ, ஒண்ணுமில்ல, அம்மா இருக்கேன்ல" என்று அவர் சொல்வது கேட்டது.

டி.

அடுத்தது ஏ. அதற்கு அடுத்தது கே. மறுபடி முதலிலிருந்து. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு, திருப்பிச் சொல்கிறது. யாராவது படிக்கும் வரை சொல்லிக்கொண்டே இருக்கும் போல.

போனை எடுத்தான். முதல் தடவை எண் தப்பிப் போய், இரண்டாவது தடவைதான் கிடைத்தது.

"இன்னொண்ணு அடி. ஏ. பி. ஆர். எச். எச். க்யூ. எல். டி."

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? இருங்க... ஏ... பி... ஆர்..." தட்டல் நின்றது. "அணைக்காதே."

"என்ன?"

"அணைக்காதே. அவ்வளவுதாங்க வருது. அம்மா, அணைக்காதே."

"அணைக்காதேன்னா?"

"என்னைக் கேட்டா? நீங்கதான் மெஷினைப் போட்டுப் போட்டு நிறுத்துறீங்களே, அதை அணைக்காதேங்குது. பாவம், அதுக்கும் வலிக்குமோ என்னவோ." சிரித்தாள். "சீக்கிரம் வீட்டுக்கு வாங்க. மழை வரப்போகுது."

அணைக்காதே. நிறுத்தாதே. அவனுக்கு உடம்பெல்லாம் லேசானது. இனி அந்தப் பொத்தானைத் தொட வேண்டியதில்லை. பெரியவளே சொல்லிவிட்டாள். அந்தக் கடைசி நேரத்தில் கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள், அடித்த வேலை பாழாகிவிடும் என்று கவலைப்பட்டிருப்பாள். தொழில்காரப் பெண் அல்லவா? தானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம் என்று நினைத்தான். பொத்தானுக்கு மேல் கையை வைத்து மூடிக்கொண்டு, காவல்காரன் போல உட்கார்ந்தான். ஒரு நிமிடம். அதற்கு மேலும் கொஞ்சம். அதுவரை அவன் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே சுலபமான வேலை அது.

உள்ளே சீட்டி நின்றது.

நல்லது, அடங்கிவிட்டது.

அடங்கிருச்சு. ஒரேயடியா அடங்கிருச்சுன்னு அப்புறம்தான்.

மெக்கானிக் எழுந்தான். உட்கார்ந்திருந்த முக்காலி பின்னால் விழுந்தது. மூடியில் அணைக்காதே என்று வந்த எட்டு எழுத்துகளைப் பார்த்தான். விளக்கை அணைக்கிறோம். அடுப்பை அணைக்கிறோம். பிள்ளையை.

பிள்ளையை.

கதவைத் தள்ளினான். தாழ். தோளால் இடித்தான். பழைய மரம், அசையவில்லை. கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு சின்ன ஜன்னல், இந்த அறையிலிருந்து அந்த அறையைப் பார்க்க. கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் கம்பிகள். முகத்தை வைத்துப் பார்த்தான்.

அம்மா கட்டிலின் ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். சின்னவளின் முகம் தெரியவில்லை. அது அவர் மார்புக்குள் முழுதாகப் புதைந்திருந்தது. அந்த உருண்ட கைகள் அவளைச் சுற்றி ஒன்றின் மேல் ஒன்றாகப் பூட்டியிருந்தன. இரண்டு சின்னப் பாதங்கள் அந்தரத்தில் தொங்கின. ஒரு பாதம் எதையோ உதைத்துத் தள்ளப் பார்த்தது, பிறகு பார்க்கவில்லை.

அவள் கைகள் இரண்டும் மட்டும் வெளியே இருந்தன. அம்மாவின் முதுகில்.

விரல்கள் அசைந்தன. பிறாண்டவில்லை. அடிக்கவும் இல்லை. ஒவ்வொரு விரலாக இறங்கியது, எழுந்தது. சுண்டு விரல். நடு விரல். நடு விரல். மறுபடி சுண்டு விரல். ஏ, கே, கே, க்யூ. கீயைத் தொட்டாலே அடி வாங்கிய குழந்தை. இடம் பார்த்து, தடுமாறாமல், மளமளவென்று, பழகிய கை.

"அம்மா!" கண்ணாடியை முஷ்டியால் குத்தினான். விரிசல் விட்டது. மறுபடி குத்தினான். உடைந்தது. கம்பிக்குள் கையை விட்டான். தோள் வரைக்கும் போனது. ஒரு சாண் தூரம் எட்டவில்லை. "அம்மா! அணைக்காதீங்க! அணைக்காதீங்கம்மா!"

அவர் தலையைத் திருப்பினார். கன்னமெல்லாம் கண்ணீர். அந்தக் கண்ணீரோடு ஏழு மாதமாக வராத சிரிப்பு.

"அதையா சொன்னா?" என்று கேட்டார். "கடைசியா அதையா சொன்னா எம்பொண்ணு?"

"ஆமா! அதான்! அணைக்காதேன்னு! விடுங்..."

"ஷ்ஷ், கத்தாதீங்க, இப்பதான் அடங்கியிருக்கா." குரலை இறக்கினார். "நான் ஏன் அணைக்கப் போறேன், தம்பி? அணைக்கவே வேண்டாம். அது பாட்டுக்கு ஓடட்டும். இனி அது ஓடிக்கிட்டே இருக்கட்டும்."

திரும்பிக்கொண்டார். கன்னத்தைக் குழந்தையின் உச்சியில் வைத்து, கைகளை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.

முதுகில் விரல்கள் வேகம் குறைந்தன. ஒன்று நின்றது. இன்னொன்று நின்றது. மெக்கானிக் கம்பியில் நெற்றியை மோதிக்கொண்டு அலறினான், தான் என்ன சொல்லி அலறுகிறோம் என்பது அவனுக்கே கேட்கவில்லை. ஒவ்வொன்றாக எல்லா விரல்களும் துவண்டு தொங்கின, ஒன்றைத் தவிர. அந்த ஒரு விரல் மட்டும் புடவையின் மேல் ஆழமாகக் குழிவிட்டு அழுந்தி நின்றது. அது எழவில்லை.